மேல்மலையும் கீழ்மலையும்: பழனி மலையின் பழைய ஊர்களை எந்த வண்டியில் சுற்றுவது?

கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏரி, தூண் பாறை, குணா குகை, பைன் காடு என்று நகரைச் சுற்றியே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நகரமோ, 1845ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிகள் கோடையைக் கழிக்க வீடு கட்டத் தொடங்கிய பிறகு உருவானதுதான். பூம்பாறை, வில்பட்டி, தாண்டிக்குடி, வெள்ளகவி போன்ற ஊர்கள் அதற்குப் பல தலைமுறைகள் முற்பட்டவை. தாண்டிக்குடியிலும் பேத்துப்பாறையிலும் மச்சூரிலும் உள்ள கல்திட்டைகளோ (பலகைக் கற்களால் எழுப்பிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள்) இந்த ஊர்களுக்கும் மூத்தவை. இந்த ஊர்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு முதலில் எழும் கேள்வி போக்குவரத்துப் பற்றியதே. முதல் முறையாக வருகிறவர்கள், குறிப்பாகச் சொந்த வண்டி இல்லாதவர்கள், எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்ற வரிசையில் இந்தக் கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகள் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுபவை அல்ல. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போய்வரும் ஊர்மக்களின் நேரத்துக்கு ஏற்ப ஓடுகின்றன. காலையில் ஊரிலிருந்து நகருக்கும், மாலையில் நகரிலிருந்து ஊருக்கும் போவதே அவர்களின் தேவை. நகரில் தங்கி ஊரைப் பார்க்கப் போகிற நீங்கள் சரியாக எதிர்த்திசையில் பயணம் செய்கிறீர்கள். கீழே சொல்லப்படும் யோசனைகளில் பலவும் இந்த ஒரு காரணத்திலிருந்தே வருகின்றன.

முதல் வேலை: எந்தப் பக்கம் என்று முடிவு செய்தல்

உள்ளூரில் எல்லாரும் இந்த மலையை மேல்மலை, கீழ்மலை என்று இரண்டாகப் பிரித்தே பேசுவார்கள். கொடைக்கானலுக்கு மேற்கே உள்ள பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை ஆகியவை மேல்மலை ஊர்கள். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் விளையும் படிக்கட்டு வயல்களும், நீண்ட குளிரும் இந்தப் பகுதிக்கு உரியவை. கிழக்கே சரிவில் இறங்கினால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களங்கொம்பு, கே.சி.பட்டி, ஆடலூர், பாச்சலூர் என்று காபியும் மிளகும் மலைவாழையும் விளையும் கீழ்மலை ஊர்கள் வரும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். வளைவுச் சாலையில் மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் கணக்கு வைக்கக் கூடாது என்பதால், அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம் போதும்.

மேல்மலைக்குக் கொடைக்கானல் நகரமே வாசல். கீழ்மலைக்கு நகர் வரை ஏறத் தேவையே இல்லை. வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை, தடியன்குடிசை வழியாகத் தாண்டிக்குடிக்கு நேராகவே சாலை உண்டு. பாச்சலூருக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக ஏறலாம். இது தெரியாமல் கொடைக்கானலில் அறை எடுத்துவிட்டு, தினமும் பெருமாள்மலை, ஊத்து, பண்ணைக்காடு என்று இறங்கி ஏறி நேரத்தைத் தொலைப்பவர்கள் உண்டு.

இரண்டாம் வேலை: மலையடிவாரம் வரை வந்து சேர்தல்

ரயிலில் வருகிறவர்கள் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கலாம். சென்னையிலிருந்து வரும் பாண்டியன் விரைவு ரயில் விடியற்காலையில் இங்கே நின்று செல்கிறது. பெயரைப் பார்த்து, இறங்கியதும் கொடைக்கானல் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நிலையம் இருப்பது மதுரை–திண்டுக்கல் பாதையில் அம்மையநாயக்கனூரில். அங்கிருந்து மலை மேல் நகருக்குச் சுமார் 80 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். நிலைய வாசலில் வாடகை கார்கள் நிற்கும். தனி ஆளாக வருகிறவர்கள் பேருந்தில் வத்தலக்குண்டுக்குப் போய், அங்கே கொடைக்கானல் பேருந்தைப் பிடிப்பதே சிக்கனமானது. மதுரை, திண்டுக்கல், தேனி ஆகிய ஊர்களிலிருந்து வரும் மலைப் பேருந்துகளையும் வத்தலக்குண்டு அல்லது மலைச்சாலை தொடங்கும் காட்ரோடு சந்திப்பில் பிடித்துவிடலாம். கொங்குப் பகுதியிலிருந்து வருகிறவர்களுக்குப் பழனி வழி நெருக்கம். பழனியிலிருந்து சுமார் 64 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை சவரிக்காடு, வடகவுஞ்சி வழியாக ஏறிப் பெருமாள்மலையில் வத்தலக்குண்டு சாலையோடு சேர்கிறது. அடிவாரத்திலிருந்து குளிர்மலைக்கு மாறும் காட்டின் அழகைப் பார்க்க வேண்டுமானால் என் வாக்கு பழனி வழிக்கே.

வத்தலக்குண்டு வழியாக ஏறும் சாலைக்கு லாஸ் காட் ரோடு என்று பெயர். 1914ஆம் ஆண்டு போட்டு முடித்து, 1916இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட சாலை இது. அதற்கு முன் கொடைக்கானலுக்கு வந்தவர்கள் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருகே தங்கி, டோலியிலோ குதிரையிலோ கால்நடையாகவோ ஏறினார்கள். அந்தப் பழைய பாதை இன்றும் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் வேலை: இ-பாஸ்

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல், வெளியூர் வண்டியில் கொடைக்கானலுக்கு வருகிற ஒவ்வொருவரும் இணையத்தில் இ-பாஸ் எடுக்க வேண்டும். கைப்பேசி எண், வண்டி எண், வருகிற நாள், திரும்புகிற நாள், தங்குமிடம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இது தேவையில்லை. 2025 கோடையில் வார நாட்களுக்கு 4,000 வண்டிகள், வார இறுதிக்கு 6,000 வண்டிகள் என்று நீதிமன்றம் உச்சவரம்பும் விதித்தது. எனவே ஏப்ரல் முதல் ஜூன் வரை வருகிறவர்கள் தேதியை முடிவு செய்த உடனேயே பாஸை எடுத்து வைப்பது நல்லது. சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு, சிக்னல் வராத கைப்பேசியில் விண்ணப்பிப்பதைப் போன்ற வேதனை வேறில்லை. அதே சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் பார்ப்பார்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பாட்டில்களுக்கு மலையில் தடை இருப்பதால், எவர்சில்வர் பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் வேலை: அரசுப் பேருந்தைப் புரிந்துகொள்ளுதல்

மேல்மலையைப் பார்க்க மிகச் சிறந்த வண்டி எது என்று கேட்டால், நேரம் இருக்கிறவர்களுக்கு அரசுப் பேருந்து என்றே சொல்வேன். ஓட்டுநர்கள் தினமும் அதே வளைவுகளில் போய்வருகிறவர்கள். எங்கே எதிர்வண்டிக்கு ஒதுங்க இடம் உண்டு, எந்தத் திருப்பத்தில் பனிமூட்டம் முதலில் இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. உயரமான சன்னலிலிருந்து பள்ளத்தாக்கு தெரிவதைப் போலக் காரிலிருந்து தெரியாது.

காலையில் கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் மேல்மலைப் பேருந்து புறப்படும் காட்சியைச் சற்று நேரம் கவனித்தாலே அதன் தன்மை விளங்கிவிடும். நாளிதழ்க் கட்டு ஓட்டுநரின் பக்கத்தில் ஏறும். யாரோ ஒருவருடைய மருந்துப் பொட்டலம் நடத்துநரின் கைக்குப் போகும். விதைப்பூண்டு மூட்டையோ உரச்சாக்கோ பின்வாசல் அருகே படுத்திருக்கும், அதற்கும் லக்கேஜ் டிக்கெட் உண்டு. போர்வை போர்த்திய பாட்டி ஏறி உட்கார்ந்ததும், "தம்பி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் சாத்திருப்பா" என்பார். நீங்கள் படம் எடுக்கத் திறந்து வைத்த சன்னலைத்தான் சொல்கிறார், மூடிவிடுங்கள்.

பேருந்தில் போகிறவர்கள் ஊரில் இறங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம், கோயிலைத் தேடுவதோ தேநீர் குடிப்பதோ அல்ல, திரும்பும் பேருந்தின் நேரத்தைக் கேட்பது. அதையும் சரியாகக் கேட்க வேண்டும். "கடைசி பஸ் எப்போ?" என்று கேட்டால், கடைசியாக ஊருக்கு வரும் பேருந்தின் நேரத்தையே பலர் சொல்வார்கள். அந்தப் பேருந்து பெரும்பாலும் திரும்பிப் போகாது. "அது இங்கயே படுத்துரும்ணே, காலைலதான் போகும்" என்று நடத்துநர் சொல்லும்போது இருட்டியிருக்கும். "கொடைக்கானலுக்குத் திரும்பிப் போற கடைசி வண்டி எப்போ?" என்று கேளுங்கள், அதையும் நடத்துநரிடம் ஒரு முறை, தேநீர்க் கடைக்காரரிடம் ஒரு முறை என்று இரண்டு இடத்தில் கேளுங்கள். இரண்டு பதில்களில் முந்தைய நேரத்தை நம்புங்கள்.

இரவு ஊரிலேயே தங்கும் இந்தப் பேருந்தைத் தொல்லையாகப் பார்க்காமல் உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். மாலைப் பேருந்தில் ஊர்மக்களோடு போய், பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஓர் இரவு தங்கி, மறுநாள் அதிகாலையில் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, காலைப் பேருந்துகளில் ஒன்றில் நகருக்குத் திரும்பினால், எதிர்த்திசைச் சிக்கல் அடியோடு தீர்ந்துவிடும். தங்குமிடத்தைக் கிளம்பும் முன்பே தொலைபேசியில் உறுதி செய்துகொள்வது அவசியம். குளிருக்குக் கம்பளி கட்டாயம்.

பூம்பாறை நகரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். பேருந்து வசதியில் மேல்மலையிலேயே எளிதான ஊர் இதுதான், புதியவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். ஊருக்கு இறங்கும் முன் சாலையிலிருந்து தெரியும் படிக்கட்டு வயல்களும் ஓட்டு வீடுகளும் படங்களில் நீங்கள் பார்த்தவையே. குழந்தை வேலப்பர் கோயில் ஊரின் நடுவே இருக்கிறது. மூலவரைப் போகர் செய்தார் என்பது ஊரார் நம்பிக்கை. நண்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலைப் பேருந்தே உகந்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை இங்கே வீட்டு வாசலிலேயே வாங்கலாம். தேர்த் திருவிழா நாட்களில் மட்டும் பேருந்துகள் நிரம்பி வழியும், அப்போது ஒரு நாள் முன்னதாகவே வந்து சேருங்கள்.

மன்னவனூர் சுமார் 35 கிலோமீட்டர். மத்திய செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையமும் ஏரியும் ஊரிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால், பேருந்தில் வருகிறவர்கள் கொஞ்சம் நடக்கத் தயாராக இருக்க வேண்டும். கவுஞ்சி, பூண்டி, கிளாவரைக்குப் பேருந்து நடைகள் குறைவு, ஒரு நடையை விட்டால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். வில்பட்டி, பள்ளங்கி, அட்டுவம்பட்டி ஆகியவை நகரை ஒட்டியவை. அரை நாளில் போய்வரலாம், பெரிதாகத் திட்டமிட ஒன்றுமில்லை.

கட்டணத்துக்குச் சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். மகளிர் கட்டணமில்லாப் பயணம் கொடைக்கானல் உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கப்படும் என்று 2024–25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். எல்லாப் பேருந்துக்கும் அது பொருந்தாது என்பதால் ஏறும்போதே கேட்டுக்கொள்ளலாம். வளைவில் தலைசுற்றுகிறவர்கள் முன்பக்க இருக்கையைப் பிடிப்பதும், வயிறு முட்டச் சாப்பிடாமல் ஏறுவதும் போதும்.

ஐந்தாம் வேலை: வாடகை வண்டி எடுப்பதா?

நான்கைந்து பேர் சேர்ந்து வந்தாலோ, முதியவர்கள் உடன் இருந்தாலோ, ஒரே நாளில் பூம்பாறை, கூக்கால், மன்னவனூர் மூன்றையும் பார்க்க விரும்பினாலோ வாடகை காரே சரி. கொடைக்கானலில் ஆட்டோவை நம்பி இறங்க வேண்டாம், இங்கே புழக்கத்தில் இருப்பது காரும் ஜீப்பும் வேனும்தான். பேசும்போது "மேல்மலை" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த ஊர் வரை, எத்தனை மணி நேரம், காத்திருப்புக்குத் தனிப் பணம் உண்டா, ஓட்டுநரின் சாப்பாடு யார் பொறுப்பு என்பதை எல்லாம் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மன்னவனூர் வரை பேசிவிட்டு அங்கே போன பின் கிளாவரையையும் பார்க்கலாமே என்று கேட்டால், ஓட்டுநர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

வாடகை கார் என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். நீங்களே ஓட்டும் வாடகை ஸ்கூட்டர், பைக் என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குக் கொடுப்பது சட்டப்படி செல்லாது, விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காது. விலை குறைவு என்பதற்காக அதில் ஏறாதீர்கள்.

ஊர்களுக்குள் ஜீப்பில் ஆள் சேர்த்துப் போகும் வழக்கமும் உண்டு. பேருந்து இல்லாத நேரத்தில் தோட்டத்து ஆட்களோடு நீங்களும் ஒட்டிக்கொள்ளலாம். உட்கார இடம் இருந்தால் மட்டும் ஏறுங்கள், பின்னால் தொற்றிக்கொண்டு வருவது ஊர்க்காரர்களுக்குப் பழக்கம், உங்களுக்கு இல்லை.

ஆறாம் வேலை: சொந்த வண்டியில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

பெட்ரோலைக் கொடைக்கானல் நகரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மலைச்சாலையில் ஏறிவருகிற வண்டிக்கே முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சட்டமும் ஆகும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிமானம் இழக்கும் என்பதால், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பனிமூட்டத்தில் விளக்கின் ஒளியைத் தாழ்த்தி வைக்க வேண்டும், உயர்த்தினால் எதிரே வெள்ளைச் சுவர் மட்டுமே தெரியும். அந்தி சாய்ந்ததும் காட்டுமாடுகள் சாலைக்கு வரும். ஒலியெழுப்பாமல், விளக்கை அடித்துக் காட்டாமல், தள்ளியே நிறுத்திக் காத்திருந்தால் அவை தாமாக விலகிப்போகும். இருட்டும் முன் நகருக்கு வந்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

கீழ்மலைக்குச் சொந்த வண்டி உண்மையிலேயே பயன்படும். வத்தலக்குண்டில் காலையில் கிளம்பி, சித்தரேவு வழியாகப் பெரும்பாறை ஏறி, தாண்டிக்குடியில் பாலமுருகன் கோயிலையும் கல்திட்டைகளையும் பார்த்து, பண்ணைக்காடு வழியாக ஊத்தில் காட் ரோட்டைப் பிடித்தால், வந்த வழியே திரும்பாமல் ஒரு வட்டமாகச் சுற்றி முடிக்கலாம். சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. கல்திட்டைகள் பல தோட்டங்களுக்கு நடுவே இருப்பதால், வேலியைத் தாண்டும் முன் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவரே கூட வந்து காட்டுவார்.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் சாலைகள் திடீரென்று அடைபடும். பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் குறுகலான சாலைக்கு இந்தத் தொல்லை அதிகம். வரைபடச் செயலி அதைக் குறுக்கு வழி என்று காட்டினாலும், பெருமாள்மலையில் விசாரிக்காமல் இறங்க வேண்டாம்.

இல்லாத சாலைகள்

கிளாவரையிலிருந்து கேரளத்தின் வட்டவடை வரைபடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். வண்டி போகும் வழி கிடையாது, இடையில் இருப்பது காடு. அதேபோல, பேரிஜம் ஏரி வழியாக மூணாறு டாப் ஸ்டேஷனுக்கு சென்ற பழைய சாலை 1990இல் மூடப்பட்டுவிட்டது. பேரிஜம் வரை செல்லவும் வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் வண்டிகளை விடுகிறார்கள். ஆகவே மேல்மலையைப் பார்த்துவிட்டு அப்படியே மூணாறு போய்விடலாம் என்று திட்டமிடாதீர்கள். உடுமலை வழியாகவோ போடி வழியாகவோ மலையை இறங்கித்தான் போக வேண்டும்.

நடந்தே போக வேண்டிய ஊர்

முன்பு சொன்ன பழைய பாதையின் மேல் அமர்ந்திருப்பது வெள்ளகவி. வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறையைத் தாண்டிச் செங்குத்தாக இறங்கும் ஒற்றையடிப் பாதையே ஊருக்கு வழி. ஊர்க்காரர்கள் விளைபொருளையும் அரிசி மூட்டையையும் குதிரைகளின் மேல் ஏற்றியே கொண்டு போகிறார்கள். குதிரை எதிரே வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்தின் பக்கம் நின்றால் மூட்டை இடித்துவிடும். ஊருக்குள் கோயில்கள் நிறைந்திருப்பதால் யாரும் செருப்பு அணிவதில்லை. எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், வெளியூராருக்கும் இதில் விலக்கு இல்லை.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற பலர் உயிரிழந்த பிறகு, காட்டுப்பாதைகளில் நடப்பதற்கு விதிகள் கடுமையாகிவிட்டன. எனவே கொடைக்கானல் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெற்று, ஊரைச் சேர்ந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டே போக வேண்டும். கோடையில் தீ அபாயத்தை முன்னிட்டு அனுமதி மறுப்பார்கள், மழைக்காலத்தில் பாதை வழுக்கும். ஜனவரியே பொருத்தமான மாதம்.

வெள்ளகவியைப் பார்த்துவிட்டு மறுபடி வட்டக்கானலுக்கு ஏறுவது முழங்காலுக்குச் சோதனை. உடல் தெம்பும் நேரமும் இருந்தால், துணைக்கு வந்தவரோடு பழைய பாதையிலேயே கும்பக்கரைக்கு இறங்கிவிடலாம். அனுமதி வாங்கும்போதே இந்த வழியையும் குறிப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும். இறங்கும் வழி முழுவதும் வெயில் ஏறிக்கொண்டே போகும், கடைகள் கிடையா, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். கும்பக்கரை அருவியிலிருந்து பெரியகுளத்துக்கு ஆட்டோ கிடைக்கும். பெரியகுளத்திலிருந்து வத்தலக்குண்டு, தேனி, மதுரை எந்தப் பக்கம் போகவும் இரவு வரை பேருந்து உண்டு.